சந்தனம் வைத்த பிலிம் டப்பா

பிலிம் ஓடவில்லை என்பது எனக்கு அங்கேயே தெரியும்.

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டை விட்டு வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக என் வீட்டுக்காரர் வலது கண்ணில் கேமராவை ஒட்டவைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு இருப்பதே அந்த ஒரு கண்தான். இடது கண்ணைச் சர்க்கரை எப்போதோ தின்றுவிட்டது. அவர் சொல்லிவைத்திருந்தபடியே கேமராவைப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தேன், டீ வாங்கிக் குடித்தேன், பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அவரிடம் நடந்தேன். பத்தடி இருக்கும்போதே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மோட்டார் ஓடியது, ஆனால் சீராக ஓடவில்லை. முக்கி முனகிக்கொண்டு ஓடியது.

கும்மிடிப்பூண்டியில் இதே பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். பத்து மெஷின் ஒன்றாக இரைந்தாலும் எதில் பீஸ் அச்சை விட்டு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு வேலை தெரியாததால் வந்த பழக்கம். உள்ளே நகர வேண்டியது எதுவோ நகரவில்லை, மோட்டார் வெறுமனே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அந்தக் கேமரா எனக்குத் தெளிவாகவே சொன்னது.

நான் வாயைத் திறக்கவில்லை.

பெரிய காரணமெல்லாம் கிடையாது. களைப்பு. விடிகாலை நாலு மணிக்கு மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறியவள். எட்டு மணி நேரம் நின்ற கால். பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம்தான். சொன்னால் டப்பாவைக் கழற்றிப் பார்க்க வேண்டும், மாற்ற வேண்டும், நான் திரும்பவும் கேட்டுக்குள் போய் வெளியே நடந்து வர வேண்டும். எல்லோரும் பஸ் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆச்சா? போலாமா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆச்சு ஆச்சு. மூணு நிமிசமும் ஓடிடிச்சு, முள்ளு கடைசிக்கு வந்துடிச்சு பாரு” என்று கேமராவின் பக்கத்தில் இருந்த சின்ன முள்ளைத் தொட்டுக் காட்டினார்.

அந்த முள் மோட்டாரோடு ஓடுவது. பிலிம் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் அது பாட்டுக்குப் போகும். அவருக்கு அது தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது, ஆனால் முள் சொல்வதைவிடச் சத்தம் சொல்வதை நம்புகிறவள் நான்.

கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் விசேஷம் எடுக்க அந்தக் காலத்தில் வைத்திருப்பார்களே, எட்டு மில்லிமீட்டர் பிலிம் போடும் கையடக்கமான சினிமா கேமரா, அதுதான். கல்யாணமான புதிதில் பட்டணத்தில் பழைய சாமான் விற்கும் இடத்தில் வாங்கி வந்தார். பிலிம் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது என்பதால் பீரோவின் மேல் தூசி படிந்து கிடந்தது. இப்போது மறுபடியும் பிலிம் வருகிறதாம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அவர் பிறந்தநாளைக்கு ஒரு டப்பா வாங்கி அனுப்பினாள். சோப்பு டப்பா அளவுக்குக் கறுப்பு பிளாஸ்டிக். கேட்ரிட்ஜ் என்பார்கள். அதற்குள் ஐம்பதடி பிலிம், ஓட்டினால் மூன்று நிமிஷம். பேச்சு பதியாது, படம் மட்டும்தான். அந்த மூன்று நிமிஷத்தில் எதை எடுப்பது என்று இரண்டு மாதம் யோசித்தார். கோயில் தெப்பக்குளமா, திருவாலங்காட்டில் அவர் அண்ணன் கழனியா என்று நான் கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில் சொன்னது இது:

“நீ கம்பெனி கேட்ட உட்டு வெளிய வர்றத எடுக்கணும்.”

“இன்னாத்துக்கு? மூஞ்சி கழுவக்கூட நேரம் இருக்காது. அழுக்கு கோட்டு, எண்ணெ வழியற தலை. போய் எதுனா நல்லதா எடுங்க.”

“இத்தன வருசத்துல ஒரு நாளு கூட நான் பாத்ததில்ல. நானும் பக்கத்து கம்பெனிலதான் இருந்தேன், ஆனா உனக்கு ஷிப்டு, எனக்கு எப்பவும் பகலு, ஜெனரலு. நீ ஊட்டுக்கு வரச்சொல்ல பாக்கற மூஞ்சி வேற. கண்ணு இருக்கறப்பவே பாத்துக்கறேன்.”

அவர் வலது கண்ணுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தார்கள். டாக்டர், செய்கிறோம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார். அதனால்தான் முந்தைய சனிக்கிழமை அந்த மனுஷர், படி எது தரை எது என்று காலால் தடவிப் பார்த்து நடக்கிற மனுஷர், பெரியபாளையத்தில் பஸ் மாறி, அங்கே யாரையோ கேட்டு இன்னொரு பஸ் பிடித்து, கேட்டுக்கு வந்து நின்றார். திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் டிரைவர் பெரிய மனது பண்ணி ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்.

“டீ கிளாஸ வெச்சிட்டு வாயத் தொடச்சிகினு வந்த பாரு, அது நல்லா வந்திருக்கும்.”

நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். வழியில் வெங்கல் ஊர் தாண்டும்வரை தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு அவர் படுத்ததும் கேமராவை எடுத்துச் சமையல்கட்டு மேடையில் வைத்துத் திறந்தேன். டப்பாவை எடுத்துத் திருப்பினேன். அதன் நடுவில் ஒரு வட்டத் துளை உண்டு. கேமராவின் பல்லுள்ள அச்சு அதற்குள் நுழைந்து சுற்றினால்தான் உள்ளே ஓடி முடிந்த பிலிம் சுருண்டுகொள்ளும். அந்தத் துளை நிறைய வெளுத்த மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். ஓரத்தில் சிவப்பாகக் குங்குமம்.

அதை வைத்தது நான்தான்.

ஆயுத பூஜையன்று பீஸ் அளக்கிற என் வெர்னியர், அவர் ஸ்குரு டிரைவர், தையல் மெஷின், மிக்ஸி, வண்டி, கேமரா என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். டப்பா கேமராவுக்குள் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க அவர் முன்பே உறையைப் பிரித்து வைத்திருந்தார். அதுவும் தொழில் சாமான்தானே என்று எடுத்தேன். கறுப்பு டப்பா, நட்டநடுவில் அழகாக ஒரு வட்டம். பொட்டு வைக்கவே செய்தது போல இருந்தது. நீர்க்கக் கரைத்த சந்தனத்தைத் தாராளமாகவே வைத்துவிட்டேன். கம்பெனியில் லட்சக்கணக்கில் விலை போகும் அச்சுக்கு நாங்கள் பொட்டு வைப்போம், ஆனால் வெளிப்பக்கம்தான் வைப்போம். உள்ளே ஒரு துரும்பு பட்டால் பீஸில் தழும்பு விழும் என்று புதிதாக வருகிற பெண்களைத் திட்டுகிறவளே நான்தான். வீட்டுக்கு வந்தால் அந்தப் புத்தி எங்கே போயிற்றோ. மறுநாள் வெளியே தெரிந்ததைத் துடைத்தேன். துளைக்குள் போனது காய்ந்து கல்லாகிவிட்டது. அவர் டப்பாவைத் தடவித் தடவித்தான் போட்டார், எங்கே பார்த்திருக்கப் போகிறார்.

எவனோ ஒரு வெள்ளைக்காரன் இந்தக் கேமரா பற்றிப் போட்டிருந்த வீடியோவைப் போனில் பார்த்தேன். பாதி புரிந்தது. மீதியைக் கை செய்தது. கோணி ஊசியால் சந்தனத்தைப் பொடித்து, டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினேன், பொடி உள்ளே விழுந்தால் பிலிமில் கோடு விழும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மிச்சத்தைத் துடைத்தேன். உள்ளே பிலிம் சுருண்டுகொள்ளாமல் தொளதொளவென்று மடிந்து நெருக்கிக்கொண்டு கிடந்தது. டப்பாவை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, துளையில் விரலை வைத்து அது போக விடுகிற பக்கமாகவே மெல்லச் சுற்றினேன். எதிர்ப்பக்கம் திருகினால் போச்சு. முதலில் வம்பு பண்ணியது. பிறகு கடகடவென்று இழுத்து, இறுக்கமாக நின்றது. ஜன்னல் போல இருக்கும் இடத்தில் தெரிகிற பிலிம்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டேன். கேமராவில் போட்டு ஒரு நொடி ஓட்டி எடுத்துப் பார்த்தேன். கோடு உள்ளே போய்விட்டிருந்தது. சத்தமும் சீராக, வெண்ணெயில் கத்தி போவது போல இருந்தது.

ஆக, ஐம்பதடியில் வீணானது முழம் நீளம்கூட இருக்காது. மிச்சம் அத்தனையும் புதுசு. அவரை எழுப்பி, “ஏங்க, அது ஓடல. இப்ப சரி பண்ணிட்டேன்” என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய் நின்றேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நானும் ஓரமாகப் படுத்தேன். எழுந்தபோது சாயங்காலமாகிவிட்டது.

திங்களிலிருந்து எனக்கு இரண்டாவது ஷிப்ட். இரவு பத்து மணிக்கு வெளியே வந்தால் அந்தப் பிலிமில் ஒன்றும் விழாது, நல்ல வெளிச்சம் வேண்டும். ஷிப்ட் மாற்றிக் கேட்டால் சூப்பர்வைசர் கொடுத்திருப்பார், இல்லையென்று சொல்லமாட்டார். கேட்கவில்லை. கேட்டால் இன்னொருத்தி முகம் சுளிப்பாள், விடிகாலை எழ வேண்டும், இந்த மனுஷர் மறுபடி இரண்டு பஸ் மாறி வர வேண்டும். ஆபரேஷன் முடிந்து கண் தெளிந்ததும் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாயன்று ஒரு அச்சு தகராறு பண்ணியது. பாதிப் பீஸ் குறையாகவே விழுந்து, ஓவர்டைம் பார்த்து, வீட்டுக்கு வந்தபோது எனக்கு என் பேரே மறந்திருந்தது. சொல்லவில்லை.

புதன் காலை நாஷ்டா வைத்துக்கொண்டிருந்தேன். இட்லித் தட்டை எட்டினவர் கையை அப்படியே நிறுத்தினார்.

“இந்தா, லைட்டு போடு.”

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. “இன்னாங்க?” என்றேன்.

“கண்ணுக்குள்ள இங்கி கொட்டின மாதிரி கறுப்பா எறங்குது.”

கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர். ரத்தம் தானாக வடிய வேண்டும், அப்புறம்தான் ஆபரேஷன், அப்போதும் எவ்வளவு தெரியும் என்று பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுச் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டு அழுதேன். கண்ணுக்காக அழுதேனா, திங்கள் போச்சு செவ்வாய் போச்சு என்று அழுதேனா, சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் வெளிச்சம் என் கையில் இருந்தது. சோம்பலால் விட்டேன்.

ஞாயிறு வரை தாங்கினேன். அப்புறம் பாதியை மட்டும் சொன்னேன். கேமராவைச் சும்மா திறந்து பார்த்தேன், பிலிம் சிக்கியிருந்தது, சந்தனம் அடைத்திருந்தது, நான்தான் வைத்தேன், இப்போது எடுத்துவிட்டேன் என்றேன். எப்போது பார்த்தேன் என்பதைச் சொல்லவில்லை. கேட்டிலேயே தெரியும் என்பதையும் சொல்லவில்லை.

என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். “அப்ப அந்த டீ கிளாஸு வரலியா?”

“வரல.”

“சந்தனம் வெச்சி பிலிம நிறுத்தின ஒரே ஆளு நீதான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. “சரி, மிச்சம் கீதில்ல? எடுத்துடலாம். வெளிய இட்டுகினு போ.”

“எப்டிங்க எடுப்பீங்க? பேஜாரு பண்ணாதீங்க.”

“நீ பேசிகினே வா. சத்தம் வர்ற எடத்துல புடிக்கறேன்.”

தெருவில் நல்ல வெயில். வாசல் கேட்டில் அவரைச் சாய்ந்து நிற்கவைத்தேன். லென்ஸை அகலமாகத் தெரிகிற பக்கம் திருப்பி, தூரத்தைப் பன்னிரண்டு அடியில் வைத்தேன். அவர் பிடிவாதத்துக்காகக் கம்பெனிக் கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினேன். “வரேன்” என்று கத்தினேன். கேமரா ஓடத் தொடங்கியது, சீரான சத்தம்.

பேசிக்கொண்டு வர வேண்டும். என்ன பேசுவது? “இந்த வூட்டுக்காரங்க ஸ்கூட்டர நடு ரோட்ல உட்டுருக்காங்க” என்றேன். “வெயிலு மண்டய பொளக்குது” என்றேன். “எதிர்வூட்டம்மா பாக்கறாங்க, மானம் போவுது” என்றேன். கேமரா என் குரலுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே வந்தது. அந்தக் கண்ணாடி என்னையே தேடித் தேடித் திரும்புவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை.

“அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றேன். “கேட்டாண்டயே. சத்தத்துலயே தெரிஞ்சிது ஓடலன்னு. சொல்லல. பஸ்ஸு போயிடும்னு சொல்லல. காலு வலிச்சிது. அடுத்த நாளே சரி பண்ணிட்டேன், அப்பவும் சொல்லல. ரெண்டு நாளு உங்களுக்குக் கண்ணு இருந்துச்சுங்க. நான் சொல்லாம இருந்துட்டேன்.”

அதற்குள் அவர் எதிரிலேயே வந்துவிட்டிருந்தேன். கேமரா கீழே இறங்கியது. ஆனால் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை, சத்தம் நிற்கவில்லை. நான் அங்கேயே நின்றேன். எதிர்வீட்டம்மா உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் முகத்தில் கோபம்தான் இருந்தது, எனக்குத் தெரியாதா அந்த முகம். நான் மூக்கை உறிஞ்சினேன். அந்தச் சத்தத்துக்குக் கேமரா மெல்ல மேலே வந்து, சுவரைப் பார்த்து, என்னைத் தாண்டிப் போய், திரும்பி என்மேல் வந்து நின்றது. பிலிம் தீர்ந்து சத்தம் மாறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சிடிச்சு” என்றார். அன்றைக்கு அதற்குமேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் தண்ணீர் கேட்டதோடு சரி.

டப்பாவை மகளுக்கு அனுப்பினோம். அவள் பம்பாயில் எங்கேயோ கொடுத்துக் கழுவி, போனில் பார்க்கிற மாதிரி மாற்றி அனுப்புவதற்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் அவருக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிற்பது நிழலாகத் தெரிகிறது. முகம் தெரிவதில்லை. இனித் தெரியாது என்று டாக்டர் இப்போது உறுதியாகவே சொல்லிவிட்டார்.

படம் வந்த அன்று கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனைப் பிடித்தேன்.

“இன்னா தெரியுது?” என்றார்.

“தெரு. ஸ்கூட்டரு. நான் வரேன், பாதி ஒடம்புதான் தெரியுது. வாய் மட்டும் ஆடிகினே கீது. இப்ப முழுசா வரேன். கோட்டுல ஒரு பொத்தான் போடல.”

“கிட்ட வந்துட்டியா?”

“வந்துட்டேன்.” வாய் அசைவதிலிருந்தே எந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது. “இப்ப நான் இல்ல. தரைதான் தெரியுது. உங்க செருப்பு. தரை. இன்னும் தரைதான்.”

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப சுவரு. கரண்டு கம்பி. இப்ப என் மூஞ்சி வருது. கிட்டத்துல இருக்கறதால கொஞ்சம் மங்கலா கீது. அழுவறேன். அவ்ளோதான், வெள்ளையாப் போயி முடிஞ்சிடிச்சு.”

“அந்தத் தரை எவ்ளோ நேரம் வருது?”

மறுபடி ஓட்டி, அடியில் ஓடும் எண்ணைப் பார்த்தேன். “பதினோரு செகண்டு.”

“அவ்ளோதானா?” என்றார். “எனக்கு ரொம்ப நேரமாத் தோணிச்சே.”

“எனக்கும்தான்” என்றேன்.